சிலிப்பர் கூடாது என்று எழுதியிருந்தது

யாழினி, கவின், கப்பலில் என்ன சாப்பிட்டோம், நீச்சல் குளம் எவ்வளவு ஆழம் என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "அப்பா மட்டும் ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு?" என்று கவின் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்.

அம்மாவின் தொழிற்சாலை ஆண்டு விருந்தில் குலுக்கலில் விழுந்த பரிசு இது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பூக்கெட் போய்த் திரும்புவது. மூன்று இரவு, இரண்டே டிக்கெட். அதனால்தான் உங்களைக் காப்பாரில் சித்தி வீட்டில் விட்டோம். டிக்கெட்டோடு ஒரு தாளும் வந்தது. இரண்டாம் நாள் மாலை பெரிய விருந்து, ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும், இல்லாவிட்டால் தேசிய உடை என்று அதில் இருந்தது. அதைப் படித்த நாளோடு எனக்குக் கடலைப் பற்றிய பயம் போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது.

ஏன் என்று உனக்குத் தெரியும், யாழினி. உனக்கு அடையாளக் கார்டு எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனோமே. முழங்கால் தெரியும் அரைக்கால் சிலுவார் போட்டிருந்தேன் என்று வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காவலர் என் முழங்காலைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். திரும்பி வரும்போது வழி முழுக்க நீ தரையைப் பார்த்தே நடந்தாய். அம்மா முன்னாலும் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை, காலை எட்டே முக்காலுக்குக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினோம். ஆளுக்கு நாலு வெள்ளி அறுபது காசு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். முதல் கடையில் கோட் வாடகை மட்டும் நூற்றெண்பது வெள்ளி என்றார்கள். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நின்றது நானில்லை, யாரோ இன்சூரன்ஸ் விற்க வந்தவர்.

இரண்டாவது கடைக்காரர் தாளை வாங்கிப் படித்தார்.

"அண்ணே, தேசிய உடைன்னு போட்டிருக்கான். கோட்டுக்கு ஏன் அலையறீங்க? வேட்டி ஜிப்பா எடுங்க."

"எந்தத் தேசம்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"மலேசியான்னு சொல்லுங்க! இருபது வருசமா நான் இங்கதானே விக்கிறேன். சிங்கப்பூர்லயா விக்கிறேன்?"

அவர் எடுத்துக் காட்டிய வேட்டியில் இடுப்புக்கு ஒட்டுப்பட்டை தைத்திருந்தது. பள்ளிப்பையில் இருக்குமே, சர்ரென்று பிரியும், அது.

"சுனாமி வந்தாலும் அவுராதுண்ணே."

"கப்பல்ல போறவன்கிட்ட சுனாமின்னு சொல்லாதீங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "ஏங்க, வேட்டி எடுக்க வந்த மூஞ்சியா இது? ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட வந்த மாதிரி இருக்கீங்க."

வேட்டி நாற்பத்தைந்து வெள்ளி, ஜிப்பா அறுபத்தெட்டு. வேட்டிக்குப் பொருத்தமாகத் தோல் சிலிப்பர் முப்பத்தைந்து. என்னிடம் இருக்கும் ஒரே ஷூ கம்பெனி கொடுத்தது, முன்னால் இரும்பு வைத்தது. பார்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அதுதான் சரி. வேட்டிக்குக் கீழே அதைப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு டாக்சி. வீட்டிலிருந்து துறைமுகம் இருக்கும் புலாவ் இண்டா வரைக்கும் முப்பத்தைந்து வெள்ளி. ஓட்டுநர் நம் ஆள், பேச்சுக்காரர்.

"அண்ணே, அந்தக் கப்பல்லயா போறீங்க? உடுப்பு சரியில்லன்னா ரூமுக்குத் திருப்பி அனுப்பிடுவானாம்ல?"

"யார் சொன்னா?"

"போன வாரம் ஒரு ஆன்டிய ஏத்துனேன். அவங்க வீட்டுக்காரரு மூணு நாளும் ரூம்ல மேகிதான் சாப்பிட்டாராம்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள், நம்பாதே என்பதற்கு. நான் நம்பினேன்.

கப்பலுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். நான் தினமும் கொண்டேனா சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவன். உயரம் எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் அடுக்கியவை எல்லாம் தரையில் நிற்கும். இது தண்ணீரில் நின்றது. நாலு மணிக்குக் கரை நகர ஆரம்பித்தது. கப்பல் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. அன்று மாலை மேல்தளத்தில் அவரவரே எடுத்துச் சாப்பிடும் சாப்பாடு. அரைக்கால் சிலுவாரோடு வந்தவர்களும் இருந்தார்கள். என்னால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே மனம் அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கே வேட்டி கட்டிவிட்டேன். ஒட்டுப்பட்டையை நம்பாமல் உள்ளே பெல்ட்டும் போட்டேன். அம்மா பச்சைப் பட்டு. ஏழு மணிக்கு ஆறாவது தளத்தில் சாப்பாட்டு மண்டபத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம். கோட் போட்ட சீனர்கள், தொங்கட்டான் போட்ட வெள்ளைக்காரம்மா, பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மலாய்க் குடும்பம். வேட்டி நான் ஒருவன்தான்.

வாசலில் ஒரு பலகை. மூன்று படம், மூன்றின் மேலும் சிவப்புக் கோடு. முதலில் அரைக்கால் சிலுவார். அடுத்தது கையில்லாத பனியன். மூன்றாவது சிலிப்பர். கீழே ஆங்கிலத்தில் 'நோ சிலிப்பர்ஸ்'.

பிள்ளைகளே, அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கவின் படித்த பாலர் பள்ளி வாசலில் இதே படம் இருந்ததே. பல் டாக்டர் வாசலிலும் இருக்கிறது. கோயில் மண்டபத்திலும் இருக்கிறது. இந்த நாட்டில் எந்த இனத்துக்காரருக்கும் தெரிந்த சட்டம்: கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வா.

"தேவி, சிலிப்பரக் கழட்டு."

அம்மா முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்த்தாள். "எல்லாரும் ஷூவோடதானே போறாங்க?"

"ஷூவுக்குப் பரவால்ல. சிலிப்பர்தான் கூடாதுன்னு போட்டிருக்கு. படிச்சுப் பாரு."

அவள் படித்தாள். ஆங்கிலத்தில் நான் சொன்னதுதான் எழுதியிருந்தது. சுவர் ஓரமாக அவள் செருப்பையும் என் சிலிப்பரையும் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனோம். கதவில் நின்ற பெண் என் ஜிப்பாவைப் பார்த்து, "வெரி நைஸ், சார்" என்றாள். வேட்டி காலை மறைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் மேசையில் காஜாங்கிலிருந்து வந்த ஒரு சீனத் தம்பதியும் இருந்தார்கள். அங்கிள் பாத்தேக் சட்டை போட்டிருந்தார். செலாயாங் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்தவராம், நம்மவர்களோடு பழகிப் பழகித் தமிழ் வந்துவிட்டதாம்.

"பாஸ், வேட்டி மந்தாப் லா, ரொம்ப அழகு! நானு கட்டினா கீழ வுழுந்துரும்."

எல்லாரும் சிரித்தோம். சூப் வந்தது. ஒரு வாய் வைத்தபோதுதான் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கோட் போட்ட பரிசாரகர் ஒருவர், கையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் இரண்டு ஜோடி செருப்பு வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேசையிலும் தலை ஆடியது. ஒவ்வொரு மேசையிலும் சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு அந்தப் பலகை புரிந்தது. சிலிப்பரை வெளியே விடு என்று அது சொல்லவில்லை. சிலிப்பர் போடுகிறவன் வராதே என்று சொல்லியிருக்கிறது.

காஜாங் அங்கிளும் பார்த்துவிட்டார். "அய்யோ! யாரோ காக்கி ஆயாம் வந்துட்டான்!" காக்கி ஆயாம் என்றால் உங்களுக்குத் தெரியும், கோழிக்கால், அதாவது வெறுங்கால். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். மேசைக்கு அடியில் என் இரண்டு காலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒளிந்துகொண்டன. ஏர்கோன் குளிரில் விரல்கள் மரத்துவிட்டன.

பரிசாரகர் எங்கள் மேசைக்கு வந்தார். கோட்டில் குத்திய அட்டையில் ஜெயராஜ் என்று பெயர். என் வேட்டியைப் பார்த்தார். நேராக என் காதுக்குக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, தமிழ்நாட்டுத் தமிழில் கேட்டார்:

"சார், இது உங்களோடதுங்களா?"

ஆமாம் என்று சொன்னால் எழுந்திருக்கச் சொல்வார். எழுந்தால் கால் தெரியும். அம்மாவைப் பட்டுப்புடவையோடு அத்தனை பேர் நடுவில் வெளியே கூட்டிப் போக வேண்டும். இதெல்லாம் ஒரு விநாடியில் தலைக்குள் ஓடியது.

"நாட் மைன்," என்றேன்.

தமிழில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஏன் அப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, சாதாரணக் குரலில், "தம்பி, அந்தச் சின்னது என்னோடது. வெளிய விடணும்னு நெனச்சிட்டோம்," என்றாள்.

"பரவால்லங்கம்மா. லேடீஸ் செருப்பு போட்டுட்டு வரலாம்." அவள் காலடியில் மெதுவாக வைத்தார். பெரிய ஜோடியைத் துணியில் சுற்றினார். "இதை முன்னால கவுண்டர்ல வைக்கிறேன். யாராச்சும் கேட்டு வருவாங்க." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

காஜாங் ஆன்டி அம்மாவின் கையைத் தட்டி, "நானும் ஒரு தடவ பேங்க்ல கழட்டிட்டேன், அம்மா!" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. நான் பயந்த ஒன்றும் அவளுக்கு நடக்கவில்லை. ஆனால் என் பயம் இறங்கவில்லை. இறைச்சி வந்தது, ஐஸ்கிரீம் வந்தது. இனி எப்படி எழுந்திருப்பது என்பது ஒன்றுதான் என் நினைப்பு. மண்டபம் காலியாகும் வரைக்கும் காப்பி குடிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பிறகு வேட்டியை இறக்கிப் பிடித்துக்கொண்டு லிப்ட் வரை நடந்தேன். அம்மா இரண்டு அடி முன்னால் நடந்தாள்.

அறைக்குள் வந்த பிறகுதான் பேசினாள். "வெளிய போகச் சொல்லியிருந்தா நானும் எந்திரிச்சு வந்திருப்பேன். மேல போய் மீ கோரேங் சாப்பிட்டிருப்போம். அவ்வளவுதானே?"

நான் வேட்டியின் ஒட்டுப்பட்டையைப் பிரித்தேன்.

"அந்தப் பையன் மெதுவாத்தானே கேட்டான்," என்றாள். விளக்கை அணைத்தாள்.

கவின், நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். உடுப்பால் நமக்கு அவமானம் வந்துவிடும் என்று பயந்து பயந்து போனேன். அந்த அலுவலகத்து வாசலில் என்னை வேறொருவர் திருப்பி அனுப்பினார். இங்கே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நானே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஷூவை மாட்டிக்கொண்டு தனியாக ஆறாவது தளத்துக்கு இறங்கினேன். மண்டபத்தில் காலைப் பசியாறலுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் கவுண்டரில் நின்றார். நான் இரண்டு தடவை அந்த வாசலைக் கடந்து போனேன். மூன்றாவது தடவை நின்றேன்.

"தம்பி, நேத்து நீங்க கேட்டது என்னோடதுதான்."

"தெரியும் சார். கப்பல்லயே வேட்டி நீங்க ஒருத்தர்தானே."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"பக்கத்துல ஆள் இருந்தாங்களே." அவர் இழுப்பறையிலிருந்து சிலிப்பரை எடுத்து வைத்தார். ஒரு நோட்டையும் திருப்பிக் காட்டினார். "ரூல்ஸ் சார், எழுதித்தான் குடுக்கணும். இதுல உங்க பேர எழுதுங்க."

மேல் வரிகளில் யாரோ தொலைத்த கண்ணாடி, கடிகாரம், ஒரு தோடு. கடைசி வரியில் 'ஆண்கள் செருப்பு, ஒரு ஜோடி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு நேரே, உரிமையாளர் என்ற கட்டத்தில், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து எழுதினேன். அதை அடித்தேன். பக்கத்திலேயே என் அப்பா பெயரையும் சேர்த்து, முழுப்பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.