பாலம் வரைக்கும்

ஜெர்மனியின் நெக்கார் ஆற்றுப் பாலத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளை நிறுத்தினேன். நனைந்த கம்பளிக் கையுறை மணத்தது. தொண்ணூறுகளில் அப்பாவின் கையுறையும் ஏப்ரல் முழுவதும் இப்படித்தான் மணக்கும்.

தொழிற்சாலையில் அவர் புதிது. குளிர் தாங்காமல் இரண்டு காலைகள் இந்தப் பாலத்திலேயே சைக்கிளைத் திருப்பிவிட்டார். மூன்றாம் முறை வராவிட்டால் வேலையில்லை என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மழையும் பனியும் கலந்து விழுந்தன. அம்மா அவர் காலுறைகளுக்கு மேல் பாண் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிட்டார்.

"பாலம் வரைக்கும் போய்ப் பாருங்கோ."

ஒரு மணி நேரத்தில் அப்பா சொட்டச்சொட்ட வந்து நின்றார்.

"திரும்பியாச்சோ? வேலையும் போச்சு!" என்றார் அம்மா.

"இல்லையப்பா, தொழிற்சாலை வாசல் வரைக்கும் போனன். பூட்டிக் கிடக்கு. இண்டைக்கு ஈஸ்டர் லீவாம்!"

அதன்பின் அவர் பாலத்தில் திரும்பியதில்லை.

இன்று விடுமுறை இல்லை என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டு மிதித்தேன்.