பாரதியின் தாய்மாமன்

தேவானந்தம் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வருவதற்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தார். சரக்கு கப்பல் ஏறுகிறவரை நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த மனிதர். அவரைப் போய், வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் குழந்தைகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ள வேலூருக்குக் கூட்டிவந்து போட்டார்கள். சரக்காவது குடோனில் கிடக்கும். குழந்தை வளர்ந்துகொண்டே இருக்குமே! அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. நான் அங்கே நர்ஸ். அவர் படுத்தின பாட்டையெல்லாம் பக்கத்தில் இருந்து பட்டவள்.

பாரதியின் ஃபைல் அவர் உயிரை வாங்கிய ஃபைல். பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையாகக் கிடைத்தவள் பாரதி. டென்மார்க்கில் ஒரு தம்பதி அவளை மகளாக்கிக்கொள்ளக் காத்திருந்தார்கள். கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. தீர்ப்புச் சொல்லும் சமயத்தில் ஜட்ஜ் மாற்றலாகிப் போனார். கோர்ட் உத்தரவு ஒருவழியாகக் கைக்கு வந்தால், தத்துக்கு அனுமதி தருகிற தில்லி ஆபீஸ் ஒரு கையெழுத்து இல்லை என்று மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பியது. இதற்குள் பாரதி அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு வராண்டா முழுக்க ஓடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். தேவானந்தம் தபால்காரருக்கு முன்னால் கேட்டில் போய் நிற்பார். தில்லிக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசிவிட்டு, ரிசீவரை வைத்த கையோடு மறுபடி எடுப்பார். வாங்கிவைத்த டீயைக் குடிக்க மறந்துவிட்டு, ஆறிப்போச்சு என்று என்மேல் எரிந்து விழுவார்.

அவருக்குப் பயம் வேறு இருந்தது. டென்மார்க் அரசாங்கம் அந்தத் தம்பதிக்குக் கொடுத்திருந்த ஒப்புதல் அந்த ஜூன் மாதத்தோடு காலாவதி. இரண்டு பேருக்கும் வயது ஏறிவிட்டதால் இன்னொரு முறை கிடைக்காது. ஜூனுக்குள் பாரதி போகாவிட்டால் போகவே முடியாது.

மே கடைசியில், அக்னி வெயிலில், தில்லிக் கடிதம் வந்தது. தேவானந்தம் அழுதேவிட்டார். அந்தத் தம்பதி மறு வியாழன் வருவதாக ஃபேக்ஸும் வந்தது.

பாரதியை முதல் நாளிலிருந்து குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் ஆயா சம்பூர்ணம். திமிரிப் பக்கத்துக்காரி. அந்த வாரம் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தாள்.

"வூட்ல ஒரு விசேஷம் சிஸ்டர். சனிக்கெழம கொழந்தயயும் இட்டுனு போய்ட்டு வர்றேன்."

போகிற குழந்தை, ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பினேன். திங்கட்கிழமை காலை பாரதி மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து இறங்கினாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?" தேவானந்தம் குதித்தார். "பாஸ்போர்ட்ல சுருட்ட முடி, இங்க சந்தனமா? எவன் விசா குடுப்பான்?"

"தில்லிக் கடுதாசி வந்தா திருத்தணியில முடி எறக்குறேன்னு வேண்டிக்கினேன் சார். வந்துச்சுல்ல?"

"விசா வாங்கினப்புறம் எறக்கக் கூடாதா?"

"வாங்கின கையோட ஏத்தினு பூடுவாங்களே சார். அப்பறம் எங்க போய் எறக்குறது?"

தேவானந்தம் தலையில் அடித்துக்கொண்டார். புது போட்டோ, டாக்டர் சான்றிதழ், விளக்கக் கடிதம் என்று மறுபடி ஓட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் பாரதியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாரதி கொஞ்சமும் கூச்சமில்லாமல் மடியில் ஏறி வாட்ச்சைப் பிடுங்கினாள். தேவானந்தம் கையெழுத்துக்களை வாங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. புது வேட்டி கட்டிய ஒருவர், பட்டுப்பாவாடை, கொலுசு, வாழைப்பழம் எல்லாம் வைத்த தாம்பாளத்தோடு உள்ளே வந்தார்.

"வணக்கம் சார். வேலாயுதம். கொழந்தையோட தாய்மாமன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் முடி இறக்கும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? பாரதிக்கு ஏது தாய்மாமன்? சம்பூர்ணம் தன் கூடப்பிறந்தவனை உட்கார வைத்திருக்கிறாள். மடியில் வைத்த பாவத்துக்கு மனிதர் சீர் கொண்டுவந்து நிற்கிறார்.

"அங்கிள், அங்கிள்" என்று வேலாயுதம் தன் மார்பைத் தட்டிக்காட்டினார். வெள்ளைக்காரரின் முகம் மாறிவிட்டது. உறவினர் யாராவது வந்தால் குழந்தையைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் அவர்கள் ஊரில். அவர் கோர்ட் பேப்பரைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். குழந்தைக்கு உறவினர் எவரும் இல்லை. கீழே தேவானந்தத்தின் கையெழுத்து. அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாரதியை மெதுவாக மடியிலிருந்து இறக்கிவிட்டார். 

வேலாயுதத்தைப் பொய் சொல்லி வெளியே தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். தேவானந்தம் தள்ளவில்லை. "மாமாதான்" என்றார் தன் ஆம்பூர் எக்ஸ்போர்ட் இங்கிலீஷில். "போன சனிக்கிழமையிலிருந்து மாமா." பிறகு வியர்க்க விறுவிறுக்க மடி, மொட்டை, சீர் எல்லாவற்றையும் விளக்கினார். ரத்த சம்பந்தம் இல்லையே என்று வெள்ளைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லவே இல்லை என்று இவர் பைபிளின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாரதியைத் தூக்கினார். கொலுசை வேலாயுதத்தின் கையாலேயே போடச் சொன்னார்.

போட்டு முடித்ததும் வேலாயுதம் நிமிர்ந்தார். "பொண்ணு வயசுக்கு வந்தா மாமன்தான் குடிசைக்கு ஓல கட்டணும். கல்யாணத்துல மொத மால நான்தான் போடணும். எங்க வர்றதுன்னு அட்ரஸ் கேளுங்க சார்."

தத்தெடுத்தவர்களின் முகவரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கார் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "குழந்தை நல்லா இருக்கட்டும்னு வாழ்த்துறார்" என்று தேவானந்தம் மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் வேலாயுதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "குடுக்குறேன்றாரா சார்?" என்று வேலாயுதம் கேட்டார். "லெட்டர் போடுவாங்க" என்றார் தேவானந்தம்.

ஜூன் முடிவதற்குள் பாரதி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆடிக்கு வேலாயுதம் வந்தார். லெட்டர் வந்துச்சா சார்? பொங்கலுக்கு வந்தார். நெல் விற்க வந்தால் இங்கேயும் ஒரு நடை. தேவானந்தம் ஒவ்வொரு முறையும் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டு, டென்மார்க் இன்னா பக்கத்துலயா இருக்கு, வரும், அடுத்த தபா பார்க்கலாம் என்பார். அவரும் தலையாட்டிவிட்டு, புள்ள எப்படி இருக்குதாம் என்று கேட்டுவிட்டுப் போவார். மூன்றாம் வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மனுஷனை எதுக்கு சார் அலைய விடறீங்க? அட்ரஸ் வராதுன்னு நிஜத்தைச் சொல்லித் தொலைங்களேன்."

"சொன்னா வர மாட்டாரு சிஸ்டர்" என்றார் தேவானந்தம். "பாரதி எப்படி இருக்கான்னு இந்தக் கேட்டுல வந்து கேட்க வேற யாரு இருக்காங்க?"