பேயையும் தூங்கவைக்கும் மெல்லக்கா

மெல்லக்கா செருப்பைக் கழற்றி ஸ்டூலுக்கு அடியில் தள்ளுகிறார். இடது கையால் ஒரு பொத்தானை அமுக்குகிறார். 'டுக், டுடுக்' என்று கீபோர்டுக்குள்ளிருந்து போசா நோவா தாளம் கிளம்புகிறது. பிரேசில்காரர்கள் கண்டுபிடித்த, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத தாளம். அதன்மேல் வலது கையால் ஒரு பேய்ப் படத்தின் இசையை ஆரம்பிக்கிறார். சின்ன வயதில் தியேட்டரில் என்னைச் சீட்டுக்கு அடியில் ஒளியவைத்த அதே இசைதான். பக்கத்து மேசைக் கைக்குழந்தை கொட்டாவி விடுகிறது. பத்தே நிமிடத்தில் தூங்கியும் போகிறது.

ஓட்டலின் காபிக் கூடம் இது. மாலை நான்கிலிருந்து எட்டு வரை, வாரத்தில் ஆறு நாள், பன்னிரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. மெல்லக்கா என்பது சர்வர்கள் வைத்த பெயர். சண்டைப் படமோ கொலைப் படமோ டிவி அழுகைத் தொடரோ, எதுவானாலும் அதன் இசையிலிருந்து அவசரத்தைப் பிடுங்கிவிட்டு மெல்ல நடக்கவிடுவார். மூன்று மாதம் தினமும் இங்கே காபி குடித்தேன். ஒரு பாட்டுகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனையும் எனக்குத் தலைகீழாகப் பாடம் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்திரிகையில் சினிமா பற்றி எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாகிவிட்டது.

"தெரியக்கூடாது சார், அதுதானே வேலையே!" என்று சமாதானம் சொன்னார். "இன்ன பாட்டுன்னு தெரிஞ்சா, ஆளு சாப்பிடறத விட்டுட்டுக் கூடவே பாட ஆரம்பிச்சிடுவாரு. இருக்கறது ஒரு வாய்தானே? காதுக்குத் தெரியாம காலுக்கு மட்டும் தெரியணும்." வாசித்துக்கொண்டே, மேசைகளுக்கு அடியில் எத்தனை கால் ஆடுகிறது என்று ஓரக்கண்ணால் எண்ணுவார். ஏழுக்குக் குறைந்தால் அன்றைக்கு முகம் சரியிருக்காது.

கீபோர்டின் மேல் ஒரு நோட்டு இருக்கும். அதில் பாட்டின் பெயரே கிடையாது. 'பேய்: மெதுவாக. போர்: அதைவிட மெதுவாக. மாமியார் தொடர்: ரொம்ப ரொம்ப மெதுவாக, இல்லாவிட்டால் அழுதுவிடுவார்கள்.' கடைசிக் குறிப்பு அனுபவத்தில் எழுதியதாம். ஒரு அம்மாள் காரணமே தெரியாமல் ஐஸ்கிரீம் கிண்ணத்துக்குள் கண்ணீர் விட்டிருக்கிறார்.

யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? ஒருமுறை டிவி செய்திக்கு முன்னால் வரும் இசையைப் போசா நோவாவாக்கினார். என்ன பாட்டென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், "நேரமாச்சு" என்றார்கள், எழுந்து போய்விட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கூடம் காலி. மேனேஜர் அந்தப் பாட்டுக்கு அன்றே தடை போட்டார். தடை மேனேஜர் இருக்கும்போதுதான். எழுந்திருக்க மனமில்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கிளப்ப, சர்வர் இரண்டு விரலைக் காட்டினால் போதும், மெல்லக்கா செய்தி வாசிப்பார்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாளெல்லாம் "மெதுவா, மெதுவா!" என்று கத்துவதே அவர் பிழைப்பு. ஆனால் மனைவியின் இசை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "லிஃப்ட்டுக்குள்ள நிக்கற மாதிரியே இருக்கு சார். எந்த மாடில இறங்கறதுன்னுதான் தெரியல," என்றார் என்னிடம். மெல்லக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "அவரு சொல்றதும் சரிதான். இறங்க மனசு வரக்கூடாது," என்றார்.

போன மாதம் ஒரு நாள் மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த துப்பறியும் தொடருக்கு முகப்பு இசை போட்டவர், இப்போது எண்பது வயதுக்காரர், வியாழக்கிழமை மகளோடு டீ குடிக்க வருகிறாராம்.

"மேடம், அவரு பாட்ட மட்டும் தொடாதீங்க. இப்படி இழுத்து வாசிக்கறதக் கேட்டா மனுஷன் குதிப்பாரு. முதலாளி ஏற்கனவே ஸ்பீக்கர் பெட்டி வாங்கி உள்ள வச்சிருக்காரு. ஒரே ஒரு புகார் வரட்டும், உங்க இடத்துல அதுதான். வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்காதீங்க!"

"சரி தம்பி," என்றார் மெல்லக்கா. அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "பன்னெண்டு வருஷமா வாசிக்கறேன் சார் அத. ட்ரம்பெட், நாய் குரைக்கறது எல்லாத்தையும் எடுத்துட்டு, ஓடிக்கிட்டிருந்த துப்பறிவாளர உட்கார வச்சுக் கையில பழச்சாறு குடுத்திருக்கேன். யாருக்குமே தெரிய வேண்டாம். அவருக்கு மட்டும் தெரியணும். வேலை போனா போகட்டும்." நோட்டை மூடி வைத்துவிட்டு, "போகவும் கூடாது சார்," என்றார்.

வியாழக்கிழமை பெரியவர் கைத்தடியோடு வந்து, கீபோர்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மேனேஜர் தூணோரமாக நின்று காவல் காத்தார். பேய் வந்தது, போர் வந்தது, மாமியாரும் வந்து போனார். பிறகு மெல்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்து துப்பறிவாளரை ஆரம்பித்தார். மேனேஜர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் டீயைக் கலக்கினார். மேசைக்கு அடியில் அவர் கால் ஆடியது. முகத்தில் ஒன்றுமே இல்லை. பாட்டு முடிந்தது. மெல்லக்கா அதையே இன்னொரு தரம் வாசித்தார். பெரியவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். மூன்றாம் தரம் ஆரம்பித்தபோது மேனேஜர் தூணுக்குப் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் எழுந்தார். கைத்தடி டக் டக்கென்று கீபோர்டை நோக்கி வந்தது. மேனேஜர் ஓடோடி வந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அலட்டலே இல்ல. யாரு போட்டது இது?"

"வெளிநாட்டுப் பாட்டு சார்!" என்றார் மேனேஜர், முந்திக்கொண்டு.

"அதானே பார்த்தேன். நாங்கல்லாம் ட்ரம்பெட்ட ஊதி ஊரை எழுப்பினவங்க."

மெல்லக்காவின் சட்டப்படி இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. போட்டவருக்கே தெரியவில்லை! ஆனால் மெல்லக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. சும்மா இருந்திருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. சும்மா இருக்கவில்லை. தாளத்தை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால், பழைய வேகத்தில், முதல் வரியை ஓடவிட்டார்.

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. "டேய், இது அந்தத் துப்பறியும் தொடருடா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பெரியவர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் வாசிச்சது இதையா?"

"ஆமாங்கய்யா. பன்னெண்டு வருஷமா. தப்புன்னா சொல்லிடுங்க."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் கைத்தடியைக் கீபோர்டின் ஓரத்தில் மாட்டினார்.

"கொஞ்சம் நகருங்கம்மா, நானும் கூட வாசிக்கறேன். மெதுவாவே போங்க. என்னாலயும் இப்பல்லாம் ஓட முடியல."

மெல்லக்கா ஸ்டூலில் பாதிக்கு மேல் அவருக்கு விட்டுவிட்டு ஓரத்துக்கு நகர்ந்தார். பிறகு, முதன்முதலாகக் கீபோர்டைப் பார்க்கிறவரைப் போல, உள்ளங்கை இரண்டையும் மடியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.