என் பெயரில் ஒரு செற்றி

அத்தான் வீட்டுச் செற்றியில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். மூன்று பேர் சாய்ந்து உட்காரக்கூடிய மண்ணிறச் செற்றி அது. கடையிலிருந்து வந்த நாளில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் கடைசிவரை கழற்றவில்லை. துணி அழுக்காகிவிடுமாம். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த நல்லது ஒன்றுதான்: செற்றியை அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் ஒக்லாந்தில் வந்திறங்கியபோது, அக்காவின் கணவரான அவர்தான் விமான நிலையத்துக்கு வந்தார். எல்லர்ஸ்லியில் அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்துப்பட்டி. புதிதாக வருகிறவர்களை ஏற்றிவந்து வீட்டில் வைத்துச் சோறு போடுவது அவர் வழக்கம். வேலை கிடைத்த கையோடு அவர்களைத் தளபாடக் கடைக்குக் கூட்டிப்போவதும் வழக்கம். மனுகாவில் ஒரு தொழிற்சாலை என்னை எடுத்த மறு கிழமை நானும் போனேன். “தம்பி, தவணைக்கு எடுப்பம். உன்ரை பேரிலை போடு, காசு நான் கட்டுறன். உனக்கும் இஞ்சை ஒரு பேர் வரும்” என்றார். கடன் என் தலையில், செற்றி அவர் வீட்டில். அங்கே நின்ற தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் எனக்கு முன் வந்த இருவரின் பெயரில் எடுத்தவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருடைய சொந்தப் பெயருக்கு எந்தக் கடையும் ஒரு கரண்டிகூடக் கடனுக்குக் கொடுக்காது என்பதும் தெரியாது. விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிப்போன மனிதரிடம் மாட்டேன் என்று சொல்லும் வாய் எங்கள் ஆட்களுக்கு இல்லை. ஓம் என்று கையெழுத்துப் போட்டேன். என்னை நம்பிக் கேட்கிறாரே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையவேண்டும் போலிருக்கும்.

பிறகு ஒரு ஈரப்பதமான வாடகை வீட்டுக்குப் போனோம். வாடகையை ஒரு நாளும் பிந்திக் கட்டியதில்லை. மற்றதெல்லாம் கைக்காசுக்குத்தான் வாங்கினோம். மனைவி கர்ப்பமானபோது கிளென் ஈடனில் ஒரு சின்ன மரவீடு பார்த்தோம். வெயில் விழும் அறை ஒன்று இருந்தது, அதுதான் பிள்ளைக்கு என்று அவள் அன்றே சொல்லிவிட்டாள். முற்பணமும் சேர்த்திருந்தோம். வங்கியில் கடன் கொடுக்கும் அலுவலர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் ஒரு செற்றி. ஏழு தவணை பிந்தியிருந்தது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்ட நாளில் நான் கொடுத்த முகவரிக்கே, அத்தான் வீட்டுக்கே போயிருந்தன. வாடகையை ஒழுங்காகக் கட்டியதும் கைக்காசுக்கு வாங்கியதும் அந்தத் தாளில் ஓரிடத்திலும் இல்லை. அங்கே நான் கடனைக் கட்டத் தெரியாத ஒருவன், அவ்வளவுதான். வங்கி கையை விரித்தது. வீடு வேறு யாருக்கோ போனது.

நேரே அத்தானிடம் போனேன். காசில்லாமல் அவர் பிந்தவில்லை. வாசலில் புதுக் கார் நின்றது. உறையில் சிவப்பு எழுத்தோடு கடிதம் வரும்வரை கட்டாமல் இருப்பதை அவர் ஒரு கெட்டித்தனமாக நினைத்திருந்தார். திறக்காத கடிதங்களைத் தொலைபேசிக்குப் பின்னாலிருந்து எடுத்து என்னிடம் நீட்டியபடியே சிரித்தார். “உவங்கள் பொறுப்பாங்கள். கடைசியிலை கட்டினனான்தானே?” நான் குரலை உயர்த்தியதும் சிரிப்பு நின்றது. “எயார்போட்டுக்கு ஆர் வந்தது?” என்றார். அக்கா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். நான் குடித்துவிட்டு வந்தேன்.

மகள் முதல் குளிர்காலம் முழுவதும் அந்த ஈர வீட்டில் இழுத்து இழுத்துத்தான் மூச்சு விட்டாள். நான் செற்றியின் மிச்சத் தவணைகளைக் கட்டி முடித்தேன். பிறகு கையில் காசு இருக்கும்போதே சலவை இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு எடுத்து, ஒவ்வொரு தவணையையும் ஒரு நாள் முந்திக் கட்டி, பற்றுச்சீட்டுகளை பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். அத்தான் என் பெயரில் இறைத்த சேற்றைக் கழுவ நாலு வருடம் பிடித்தது. நாங்கள் வீடு வாங்கியபோது கோயில் மஞ்சள் நூலோடு வந்து அதை என் கையில் கட்டி, “பாத்தியே, அண்டைக்கு நான் சொன்னபடி உனக்கொரு பேர் வந்திட்டுது” என்றார்.

போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்ததும் அக்கா தொலைபேசியில் சொன்னாள்: “தம்பி, வீட்டை ஒதுக்கிறன். அந்தச் செற்றி உன்ரை பேரிலைதானே எடுத்தது, வந்து கொண்டுபோ.” முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

காருக்குப் பின்னால் பூட்டும் இழுவை வண்டி ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். பிளாஸ்டிக் மஞ்சளித்து வெடித்திருந்தது. உள்ளே துணி கடையில் பார்த்த அதே நிறத்தில் இருந்தது. நேரே குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். அங்கே வண்டியின் எடையைப் பார்த்துக் கட்டணம் கேட்டார்கள். அதையும் நான்தான் கட்டினேன், அந்த இடத்திலேயே.