சுண்ணாம்புக்கு அடியில் சிவப்புக் கோடு

பர்மிங்காமில் சின்னதாக இட்லிக் கடை வைத்து, அதன் மாடியிலேயே குடியிருக்கிறான் என் மகன் பாலா. நேற்று நான் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் பேசும்போது, அவனுக்குப் பின்னால் ரோட்டை உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. "கடை வாசல்லயே டிராம் வரப்போகுதுப்பா. இனிமே கூட்டம் அள்ளும்" என்றான்.

என் சின்ன வயதில், திருச்சி பாலக்கரையில் எங்கள் தெருவை அகலப்படுத்தியபோதும் இப்படித்தான் சத்தம். எதுவரை இடிப்பார்கள் என்று பக்கச் சுவரில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். முன்னறையில் பாதி போகும், அடுப்படி தப்பும். பொங்கலுக்கு அம்மா வழக்கம்போல வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள், கோட்டையும் சேர்த்து.

பொங்கல் முடிந்ததும் இயந்திரம் வந்து நின்றது. "கோடு எங்கம்மா? இல்லன்னா குத்துமதிப்பாத்தான் இடிப்போம்" என்றார் மேஸ்திரி.

"உன்ன யாருடி அங்க அடிக்கச் சொன்னது?" என்று அப்பா கத்தினார்.

"அழுக்குச் சுவத்தோடயா பொங்கல் வைப்பாங்க?" என்றபடி அம்மா தோசைத்திருப்பியால் சுரண்டினாள். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறியது. சுரண்டச் சுரண்ட வெள்ளைதான் வந்தது. தெருவில் எஞ்சினை அவர்கள் அணைக்கவேயில்லை. கடைசியில் விரல் நீளத்துக்குச் சிவப்பு தெரிந்தது. அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "இதத் தாண்டி வராதீங்க" என்றாள். சுவர் அதிர அதிர, இடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றான் பாலா.

"உன் கடைச் சுவத்துல ஏதாச்சும் கோடு போட்டிருக்கான்னு போய்ப் பாருடா."

"இங்க அப்படியெல்லாம் கிடையாதுப்பா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு அவன் அவசரமாகப் படியிறங்கும் சத்தம் கேட்டது.