மாயவரத்தில் வண்டி மாற வேண்டும்

சென்னையில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இரவு வண்டியின் மேல் ஒரு பைத்தியமே இருந்தது. விடுதியில் நான் யாருக்குக் கடிதம் எழுதினேன் என்பதுவரை வார்டனுக்குத் தெரிய வேண்டும். காரைக்காலை ஒட்டிக் கோவில்பத்தில் எங்கள் வீடு. அங்கே ஜன்னல் பக்கம் சற்று நேரம் நின்றால்கூட, என்ன பார்க்கிறாய் என்று அம்மா கேட்பாள். எழும்பூரில் ஏறி, பெண்கள் பெட்டியில் ஓர் ஓரம் பிடித்து, டிரங்குப் பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் விடியும்வரை என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தாம்பரம் தாண்டியதும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். வெளியே பெயர் தெரியாத ஊர்களின் விளக்குகள் ஓடும். நான் யாருடைய மகளும் இல்லை, யாருடைய மாணவியும் இல்லை என்று அப்போது தோன்றும்.

உடம்புக்கு அந்தப் பயணம் ஆகாது என்பது வேறு விஷயம். மரப்பலகையில் விடிய விடிய உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். இன்ஜின் புகை உள்ளே வரும், கூடவே கரித்தூளும் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மாயவரம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அங்கே இறங்கி, திருவாரூர் வண்டிக்குக் காத்திருந்து, பேரளத்தில் மறுபடி இறங்கி, காரைக்கால் வண்டியில் ஏற வேண்டும். மாயவரத்தில் தூங்கிப்போனால் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோதான் விழிக்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்தில் சிதம்பரத்துக்கு முன்னாலிருந்தே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்புக்கு நடுவில் வார்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கையில் தந்தி. அம்மாவுக்கு உடம்பு கவலைக்கிடம், உடனே புறப்படு என்று அப்பா அனுப்பியிருந்தார். வழக்கமாக ஒரு நாள் விடுப்புக்கு மூன்று கேள்வி கேட்கும் வார்டன், அன்று தானே ரிக்‌ஷா வரவழைத்துக் கொடுத்தார்.

அன்று வண்டியில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போவேன், திரும்பி வருவேன். செங்கல்பட்டில் வண்டி நின்றது. எதற்காக இத்தனை நேரம் நிற்கிறது என்று கோபம் வந்தது. விழுப்புரத்தில் இன்னும் அதிக நேரம் நின்றது. அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. பொங்கலுக்குப் போயிருந்தபோது அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். படிப்பு முடியாமல் கல்யாணப் பேச்சை எடுத்தால் வீட்டுக்கே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

எதிர்ப் பலகையில் ஒரு முஸ்லிம் அம்மா, இரண்டு பெண் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் காரைக்கால்தான், பெரிய பள்ளிவாசல் பக்கம்.

"ஏன் புள்ள இப்படி அலையுற? செத்த உக்காரு."

சொன்னேன். அவர் சட்டென்று நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"அல்லாஹ் ஒண்ணும் ஆக விடமாட்டான். நீ படுத்துக்க. மாயவரம் வந்தா நா எழுப்புறேன்."

நான் படுக்கவில்லை. கடலூருக்கு அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றேன், அப்படி நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்பதுபோல. வலது கண்ணில் கரித்தூள் விழுந்தது. கசக்கியதில் இன்னும் உள்ளே போய்விட்டது. அந்த அம்மா என் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, முந்தானை நுனியால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அழுகையும் சேர்ந்துகொண்டதால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மாயவரத்திலிருந்து பேரளம்வரை அவர் என் கையை விடவில்லை. பேரளத்தில் அவரைப் பக்கத்துக் கிராமத்துக்குக் கூட்டிப்போகச் சொந்தக்காரர்கள் மாட்டு வண்டியோடு நின்றார்கள். நான் மட்டும் காரைக்கால் வண்டியில் ஏறினேன். முன்பெல்லாம் எல்லையில் சுங்கக்காரர்கள் ஏறிப் பெட்டியைக் கிளறுவார்கள், அது இப்போது இல்லை. இருந்தும் திருநள்ளாறு வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது.

கோவில்பத்தில் இறங்கி ஓட்டமாக நடந்தேன். வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. உள்ளே நெய் வாசனை. அம்மா அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? சீக்கிரம் குளிச்சிட்டு வா. பத்து மணிக்கு வந்துடுவாங்க."

அம்மாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, அடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கிணற்றடிக்குப் போனேன். அப்பா தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அன்று என் கண்ணைப் பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அக்காவும் வந்தார்கள். நமஸ்காரம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். என் வலது கண் கோவைப்பழமாக இருந்தது. இடது கண்ணும் அதற்குச் சளைக்கவில்லை. அக்கா என்னைக் கவனித்துப் பார்த்தார்.

"ஏம்மா கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

"ராத்திரி வண்டில வந்துச்சுங்க. கரித்தூள்," என்றார் அப்பா அவசரமாக.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். முழு இரவும் நின்று வந்த காலும் தூங்காத தலையும் என்னைப் பேச வைத்தன என்றுதான் நினைக்கிறேன்.

"கரித்தூளும் விழுந்துச்சுங்க. அழவும் அழுதேன். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலைன்னு தந்தி வந்துச்சு."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கேசரித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றாள்.

மாப்பிள்ளை மெதுவாக, "அப்ப நாங்க வர்றது உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க தெரியும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். யாரும் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. கேசரி சாப்பிட்டார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாளில் ஜாதகம் பொருந்தவில்லை என்று கடிதம் வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். முன்பு பொருந்தியிருந்த ஜாதகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் புறப்பட்டபோது அம்மா வெளியே வரவில்லை. அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கோவில்பத்து ஸ்டேஷனோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரும் வண்டியில் ஏறினார். பேரளத்திலும் கூடவே வந்தார். மாயவரத்தில் இறங்கும்போது இரவு ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டது.

பிளாட்பாரத்தில்தான் பேசினார்.

"நெசத்தை எழுதியிருந்தா நீ வந்திருக்கமாட்டே. வார்டனும் விட்டிருக்கமாட்டாங்க."

"ராத்திரி பூரா அம்மா இருக்காங்களா போயிட்டாங்களான்னு தெரியாம வந்தேம்ப்பா. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வண்டி நிக்கிறப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவர் போய் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"தப்புதாம்மா," என்றார்.

சென்னை வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடித்துக்கொடுத்து, பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு இறங்கினார். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: காலைவரை அவருக்குத் திரும்ப வண்டி கிடையாது. மறுநாள் எட்டரைக்கு அலுவலகம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துண்டை விரித்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தார். விழுப்புரம்வரை அந்தப் பெஞ்சு கண்ணை விட்டுப் போகவில்லை. என் கோபம் தீரவும் இல்லை, அவர்மேல் கோபமாக இருக்கவும் முடியவில்லை. இப்படியும் அப்படியும் புரண்டே எழும்பூர் வந்து சேர்ந்தேன்.

பயிற்சி முடியும்வரை கல்யாணப் பேச்சு எழவில்லை. அடுத்த விடுமுறைக்கு அப்பா எழுதினார்: ராத்திரி வண்டியில் கஷ்டப்பட வேண்டாம், பகல் வண்டியில் வா, மாயவரத்தில் நான் வந்து நிற்கிறேன். பகல் வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஊர், வயது, கல்யாணம் எல்லாம் விசாரிப்பார்கள். இரவு வண்டியிலேயே வருகிறேன், மாயவரத்துக்கு யாரும் வர வேண்டாம் என்று பதில் போட்டேன்.