பீட்ரூட் தின்ன ஓவர்டைம்

அன்று கிளினிக் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் சென்னைக்கார டாக்டரம்மா. பஞ்சும் ஊசியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா. அவர் எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம்தான், ஷார்ஜாவில் எங்கள் ஃபிளாட்டிலேயே அடுத்த அறையில் குடியிருந்தார். கையில் கிரீஸ் கறையோடு என் கணவர். அவர் மடியில் ஏழு வயது மகள். கதவருகே நான்.

நான் கடைக்குப் போயிருந்தபோது மகள் பாத்ரூமிலிருந்து கத்தியிருக்கிறாள். கராஜிலிருந்து சாப்பிட வந்தவர் எட்டிப் பார்த்தால் டாய்லெட் முழுக்கச் சிவப்பு. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். நர்ஸ் அக்கா போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே அவளுக்கு ரத்தம் கம்மி. சோறு, தயிர், குபூஸ் ரொட்டி என்று வெள்ளையாக இருந்தால்தான் வாயில் வைப்பாள், சாக்லேட் மட்டும் விதிவிலக்கு. மாத்திரையைத் துப்பிவிடுவாள். நானோ, அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற ஆள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. காய்கறி உள்ளே போக வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. போக வைத்தே தீருவது என்று இறங்கினேன்.

எங்கள் அடுப்போடு ஒரு ஓவனும் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா ஊர்க்காரர் வீட்டிலும் அது தோசைக்கல், வாணலி வைக்கிற அலமாரிதான். எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பீட்ரூட்டைக் குழைய வேகவைத்து, ஊறிய பேரீச்சம்பழத்தோடு அரைத்து, கோதுமை மாவு, முட்டை, கொக்கோ பவுடர் கலந்து வேகவிட்டேன். முதல் கேக் செங்கல். அடுத்ததில் மண் வாசம். கொக்கோவை இரண்டு மடங்காக்கிய பிறகுதான் மகள், "மம்மி, ஒன் மோர்" என்றாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாயில் ரகசியம் நிற்காது.

"நேத்து சிவப்பா ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இவளா? வெள்ளையத் தவிர எதையும் தொடமாட்டா, டாக்டர்," என்றார் கணவர். "இந்தச் சாக்லேட் கேக்க மட்டும் நல்லாத் திங்கா."

"சரி, பிளட் எடுத்துப் பார்த்துடலாம்."

நர்ஸ் அக்கா மகளின் கையைப் பிடித்தார். "மம்மி!" என்று அலறினாள். எனக்கு மிக்சி ஜாரைக் கழுவிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதே சிவப்பு. சொன்னால் கேக் போச்சு. இனி நான் எதைக் கொடுத்தாலும் சந்தேகப்படுவாள். சொல்லாவிட்டால் வீணாக ஊசி. ஒருவேளை, நிஜமாகவே ரத்தமாக இருந்தால்?

"கேக்குல பீட்ரூட் போட்டிருக்கேன், டாக்டர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதானா? சில பேருக்கு இப்படிப் போகும். பயப்படாதீங்க. கேக்கை நிறுத்தாதீங்க, மாத்திரையும் குடுங்க."

"ஏட்டி, நானும் நாலு துண்டு தின்னேனே!" என்றார் கணவர்.

"அப்ப நாளைக்கு நீங்களும் இங்க வந்து நிக்கப்போறீங்க, தம்பி," என்றார் நர்ஸ் அக்கா.

மகள் சிரிக்கவில்லை. டாக்சியில் என் பக்கம் திரும்பவே இல்லை. "யூ சீட்டட், மம்மி" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு வெட்டி அவள் முன்னால் வைத்தேன். "இதுல பீட்ரூட் இருக்கு. இனி ஒளிக்கமாட்டேன். ஆனா நீ தின்னணும் மக்ளே."

"ஐ வோன்ட்."

எதிரே உட்கார்ந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "டாடி எக்ஸ்ட்ரா வேலை பாத்தா ஓவர்டைம் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க."

"இதுவும் எக்ஸ்ட்ரா வேலை. ஒரு பீஸ், ஒரு திர்ஹம்."

"எங்க கம்பெனிய விட நல்ல ரேட்டு," என்றார் கணவர். "ஒத்துக்கோட்டி!"

ஒத்துக்கொண்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். பிறகு பூசணி, கேரட் எல்லாம் கேக்குக்குள் போயின, அவள் கண் முன்னாலேயே. மாத்திரைக்குத் தனி ரேட் கேட்டாள். அதை மறுத்துவிட்டேன், அழுதுகொண்டே விழுங்கினாள். ஒரு மாதம் கம்பெனியில் சம்பளம் வரவில்லை. "டாடிக்கு வந்ததும் தாரேன்" என்றேன். வேலையை நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். அவள் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். மூக்கைப் பிடிப்பதுகூட நின்றுபோயிருந்தது. அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது.

சம்பளம் வந்த பிறகும் அந்த மாதக் கூலியை மட்டும் நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினான்கு திர்ஹம் பாக்கி.